நீல மூடித் தொட்டியில் நான் ஊற்றியது

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேனே, புதுச் சட்டையும் கையில் தாம்பாளமுமாக. நன்றாக இல்லாதவன் உன் மாமன். அவனுக்காகத்தான் இந்தக் கடிதம். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் படிக்கும்போது நைனாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது போல என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறது. கோபத்தில் பாதி உன் மேல், பாதி என் மேல். எந்தப் பாதி பெரியது என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உனக்கு ஒரு பிரதி, செஞ்சி கூட்டு ரோட்டில் நான் உட்காரும் டீக்கடைக்கு ஒரு பிரதி. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டப் போகும் நம் பக்கத்து ஆட்கள் சென்னை பஸ்ஸுக்காக அங்கேதான் காத்திருப்பார்கள். சிங்கவரத்துக்காரன், அவலூர்பேட்டைக்காரன், எல்லாரும் படிக்கட்டும். வீட்டு விஷயத்தை ஏன் கடைத்தெருவில் போடுகிறாய் என்று நீ கேட்பாய். கடைத்தெருவில் வைத்து நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, அதை அங்கேயேதான் திரும்ப எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் இருந்தே தொடங்குகிறேன். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு என்று உன் அம்மா எடுத்து வைத்தாள். அது நம் வீட்டு வழக்கம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டோடு மூன்று பேரும் சிங்கவரம் போனோம். உன் மாமன் ஏழுமலை வாசல் வரை வந்து கூப்பிட்டுப் போய் உட்கார வைத்தான். உன் அத்தை காப்பி கொடுத்தாள். பட்டப்பகலில் அவன் வீட்டில் இருப்பதே எனக்கு உறுத்தியது. இருபது வருடத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். இப்போது ஏழு வாரமாகக் கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறான். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்போது நீ வாயைத் திறந்தாய்.

“பாஸ் விஷயத்த மனசுல வச்சிக்காதீங்க மாமா. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அத்த வுடுப்பா. நீ உன் வேலைய செஞ்ச,” என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ என் தொடையைத் தட்டி, “பாத்தியா நைனா, மாமாவே புரிஞ்சிக்கிட்டாரு,” என்றாய். உன் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் புரிந்துகொள்ளவில்லையடா. அவன் வாயை மூடிக்கொண்டான். புரிந்துகொள்வதற்கும் வாயை மூடிக்கொள்வதற்கும் வித்தியாசம் தெரியாத நீ, டிரைவர்களுக்கு உதவி செய்கிற நாற்காலியில் உட்கார்ந்து என்ன கிழிக்கிறாய் என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஆட்டோக்காரன் தெரிந்தவன் என்பதால் விழுங்கிக்கொண்டேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். டீக்கடையில் படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே. துறைமுகத்தில் காற்று கெடக் கூடாது என்று விதிமேல் விதியாக வந்துகொண்டிருக்கிறது. பழைய வண்டி வாசலைத் தாண்டக் கூடாது, வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும், புகைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இதெல்லாம் புரியாமல் டிரைவர்கள் திண்டாடக் கூடாது என்று வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு உதவி மையம் வைத்திருக்கிறார்கள். நீ அதில் வேலை பார்க்கிறாய். வேலை கிடைத்த அன்றைக்கு இதே டீக்கடையில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தவன் நான். ஏழுமலையின் முதலாளி பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வண்டி எடுத்தார். புது வண்டியில் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று உண்டு. சுத்தமான தண்ணீரில் சுத்தமான யூரியாவைக் கரைத்துக் கேனில் விற்கிறார்கள், அதைத்தான் அதில் ஊற்ற வேண்டும். புகையில் இருக்கும் நஞ்சை அது முறிக்கும் என்று நீதான் எனக்குப் பேப்பரில் படம் போட்டுக் காட்டினாய். ஊற்றியது மோசமாக இருந்தால் முன்னால் விளக்கு எரியும். எரிந்தும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால், வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும்.

ஏழுமலையின் வண்டி துறைமுக வாசலுக்கு நூறு அடி முன்னால், முதுகில் கன்டெய்னரோடு, இழுக்காமல் நின்றது. பின்னால் வரிசை முழுக்க ஹாரன். ஓரம் கட்டி வழி விட அரை நாள் ஆனதாம். நீல மூடியைத் திறந்து பார்த்தார்கள். கலப்படம் என்றார்கள். கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாஸ் இல்லாத துறைமுக டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? விசாரித்து அறிக்கை எழுதும் வேலை உன் மையத்துக்கு வந்தது, மையத்தில் உன் மேசைக்கு வந்தது. இவர் என் மாமன், வேறு யாராவது எழுதுங்கள் என்று நீ தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை.

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு ஏழுமலை என்னிடம் வந்தான். “இங்கிலீஷ்ல இருக்குது மாமா. இன்னா எழுதியிருக்குதுன்னு பாரு,” என்றான். எனக்கும் எண்ணும் ஊர்ப் பெயரும் தவிர அவ்வளவாக வராது. தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதித் தரும் அம்மாவிடம் போனோம். வெயிலில் நின்றுகொண்டு, என் மகன் எழுதியதை ஒரு வேற்று மனுஷி வாயால் கேட்டேன். ஓட்டுநர் தன் அலட்சியத்தாலும் அறியாமையாலும் தரமற்ற திரவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். இவர் எனக்கு உறவினர் என்பதால் எந்தச் சலுகையும் காட்டவில்லை. மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கும்படி ஆறு மாதம் பாஸை நிறுத்தி வைக்கப் பரிந்துரைக்கிறேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எழுதுனது யாரு? உங்களுக்கு ஆவாதவரா?” என்று கேட்டாள்.

“இல்லமா. எங்க அக்கா புள்ள,” என்றான் ஏழுமலை.

அந்தப் பதிலைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. போன வருடம் இதே தப்புக்கு வேறொரு டிரைவருக்கு ஒரு மாதமும் ஒரு நாள் பயிற்சியும் எழுதியதாக நீயே வீட்டில் சாப்பிடும்போது சொன்னாய். யாரோ ஒருவனுக்கு ஒரு மாதம், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டை மலை ஏறியவனுக்கு ஆறு மாதமா? சொந்தக்காரனை விட்டுவிட்டான் என்று யாரும் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதானே உன் பயம்? உன் பெயர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவன் மேல் ஐந்து மாதத்தைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறாய். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்ளாதே. ஓரவஞ்சனை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஓரவஞ்சனைதான்.

இனி என் பாதி. படிக்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது வண்டி வந்த புதிதில் ஒரு நாள் காலை ஏழுமலை டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன். நீல மூடிக்கு ஊற்றுகிற தண்ணீரை முதலாளி தர மாட்டேன் என்கிறாராம். வண்டி நாங்கள் கொடுத்தோம், அதை உன் பேட்டாவில் ஊற்றிக்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, கூட்டம் இருந்தால் எனக்கு வாய் நீளும். நான் லாரி ஓட்டுவதை விட்டு ஆறு வருடம் ஆனாலும், ஒரு வண்டியில் கோளாறு என்றால் என்னைத்தானே கேட்கிறார்கள் என்ற திமிர் என்னை விடவில்லை.

“இதுக்குப் போயி கேன் கேனா வாங்குவியா? யூரியாவும் தண்ணியும்தானடா. நெல்லுக்குப் போட வாங்குன மூட்ட வீட்டுல இருக்குது. சாயங்காலம் வா,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்டிக்கார ஆள் என்று ஒருவன் சொன்னான். அந்த ஒரு சொல் போதாதா எனக்கு? சாயங்காலம் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து, யூரியாவைக் கொட்டி, சவுக்குக் கொம்பால் கலக்கினேன். வயலுக்கு வரும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள் அல்லவா, அது மேலே ஏடாக மிதந்தது. அகப்பையால் வழித்து எறிந்தேன். பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். பார்க்க அவ்வளவு தெளிவாக இருந்தது. உன் அம்மா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நம்ம போர் தண்ணியா அது?”

“ஆமா, வேற இன்னா தண்ணி?”

“இதுல வெந்நி வச்ச குண்டானே அடியில சுண்ணாம்பு பூத்துப் போவுது. வாரத்துக்கு ஒருக்கா புளிய போட்டு நான் தேய்க்கிறேன். அத்த போயி புது வண்டியில ஊத்துவாங்களா?”

“சமையல் வேற, வண்டி வேற. நீ உன் வேலைய பாரு,” என்றேன்.

முப்பது வருடம் வண்டி ஓட்டியவன் நான். இந்தப் பாறை ஊரின் தண்ணீரைப் பற்றி ஒரு குண்டானுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நாலு கேன் நிரப்பி ஏழுமலை கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று அவன் தயங்கினான், பொய் சொல்ல மாட்டேன். “கம்பெனி ஆளு வேற மாதிரி சொன்னான் மாமா,” என்றான். “கம்பெனிக்காரன் விக்கத்தான் சொல்லுவான்,” என்று நான்தான் வாயை அடைத்தேன். இரண்டு வாரம் வண்டி ஓடியது. டீக்கடையில் என் புகழ் பரவியது. எப்படிக் கலக்குவது என்று இன்னும் சிலர் கேட்டார்கள், சொல்லிக் கொடுத்தேன். யார் யார் கலக்கிக் கொண்டுபோனார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இப்போது புரிகிறதா, இந்தக் கடிதம் ஏன் அந்தக் கடைக்கும் போகிறது என்று? நான் சொல்லி யாராவது கலக்கி வைத்திருந்தால் இன்றைக்கே கொட்டிவிடுங்கள். விளக்கு எரிகிறவர்கள் மேலே ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் நேரில் வந்து திட்டுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

வண்டி நின்ற பிறகு மெக்கானிக் கழற்றிய குழாயில் இருந்து உதிர்ந்ததை ஏழுமலை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். வெள்ளை வெள்ளையாக, அப்படியே நம் வீட்டுக் குண்டானின் அடி. பார்த்துவிட்டு மறுபடி மடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மகன் பெரிய இடத்தில் இருக்கிறான், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அவனே மாமனுக்கு ஏதாவது செய்வான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாலுகா ஆபீஸில் இருந்து திரும்பும் வழியில், அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஏழுமலை சொன்னான்: “உன் பேர நான் எங்கயும் சொல்லல மாமா. எங்க வாங்குனன்னு யாரும் கேக்கவும் இல்ல. சொன்னாலும் பையனுக்குத்தான் கஷ்டம். அப்பன் கலப்படம் பண்றவன், புள்ள கலப்படத்த புடிக்கிறவனான்னு கேப்பானுங்க.” நான் அப்போதும் சரிடா என்று மட்டும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களிலேயே எனக்கு அருவருப்பானது அந்தச் ‘சரிடா’தான்.

யாரும் கேட்கவும் இல்லை என்றான் பார்த்தாயா? அங்கேதான் என் கோபம் மறுபடி உன் மேல் திரும்புகிறது. அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

உனக்கு மூன்று வயது. வட சென்னையில் ரோட்டை ஒட்டிய கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உனக்கு இழுப்பு. நெஞ்சு உள்ளே போய்ப் போய் வரும், கழுத்துக்குக் கீழே குழி விழும். மாதத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. ஒரு நாள் ஒரு டாக்டர் அம்மா உட்கார வைத்துக் கேட்டாள். வீட்டில் யாராவது பீடி பிடிக்கிறார்களா? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பீடி பக்கமே போக மாட்டேன் என்றேன். விறகு அடுப்பா? இல்லை, கேஸ். பூனை, நாய்? இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மருந்து எழுதி அனுப்பியிருப்பார்கள். அவள் விடவில்லை. குழந்தை எங்கே தூங்கும் என்றாள். ஜன்னலுக்குப் பக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே என் வண்டி இருந்தது. அந்தக் காலத்து வண்டியில் பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும், அதற்காக விடிந்ததும் இன்ஜினைப் போட்டுவிட்டு நான் பல் விளக்கப் போவேன். காற்று ஏறும் வரை கரும்புகை உன் தலைமாட்டில் நுழைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, உனக்கு விவரம் தெரியாத அந்த மூன்று வருடமும். அந்த வாரமே உன்னைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா செஞ்சிக்கு வந்துவிட்டாள். நான் மாதத்துக்கு நாலு நாள் வந்து போகிற அப்பன் ஆனது அப்படித்தான்.

அதனால் காற்று விதிகளுக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதே. அந்த விதி அப்போதே இருந்திருந்தால் உன் நெஞ்சு அந்தப் பாடு பட்டிருக்காது. காற்று மாசைப் பற்றிய இந்தப் படிப்பை நீ ஏன் எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் உன் மையத்தில் டிரைவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை வைத்தபோது என்னையும் கூட்டிப் போய்க் குழாயில் ஊதச் சொன்னாய். ஊதினேன். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு நீ போய் எனக்கு டீ வாங்கி வந்தாய். அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த பாசம் கொஞ்சமல்ல. விதி வேண்டும். நான் கேட்பது அந்த டாக்டர் அம்மாவைப் பற்றி. தாயின் அலட்சியம் என்று ஒரு வரி எழுதி அவளும் ஃபைலை மூடியிருக்கலாம் அல்லவா? கேள்வி கேட்டுக் கேட்டு ஜன்னல் வரை போனாள். நீ உன் மாமனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கே வாங்கினீர்கள் மாமா என்று கேட்டிருந்தால் என்னிடம் வந்திருப்பாய். ஏன் கடையில் வாங்கவில்லை என்று கேட்டிருந்தால் அந்த முதலாளியிடம் போயிருப்பாய். அங்கே போக உனக்கு மனம் இல்லை. முதலாளிகளுக்கு நீங்கள் ஏசி ஹாலில் சாப்பாடு போட்டுக் கூட்டம் நடத்துகிறீர்கள், டிரைவர்களுக்கு வெயிலில் நிற்க வைத்துத் துண்டுச்சீட்டு கொடுக்கிறீர்கள்.

அந்தத் துண்டுச்சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ‘வரிசையில் இன்ஜினை அணையுங்கள், காற்றைக் காப்போம்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தாயே. பெருமையாக டீக்கடைக்குக் கொண்டுபோனேன். அவலூர்பேட்டைப் பையன் ஒருவன் படித்துவிட்டு, “உங்க புள்ளைய ஒரு நாள் எங்கூட வரிசைல குந்தச் சொல்லுங்க பெரியப்பா,” என்றான். அவன் சொன்னது நியாயம். அரை நாள் வரிசை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பத்தடி நகரும். அணைத்துவிட்டுக் கண்ணசந்தால் அந்தப் பத்தடியில் இன்னொருவன் மூக்கை நுழைத்துவிடுவான். ஒன்றுக்குப் போகக்கூட இறங்க முடியாது, பாட்டில்தான். இந்த நிலைமையில் இருப்பவனிடம் போய் காற்றைக் காப்போம் என்றால் அவன் எதைக் காப்பான்? இத்தனை மணிக்கு வா என்று டோக்கன் கொடுத்துப் பார். வரிசையே இருக்காது, புகையும் இருக்காது. வாசலிலேயே நல்ல கரைசலை ஒரு குழாயில் வை, அதை முதலாளிதான் நிரப்ப வேண்டும் என்று விதியில் எழுது. என்னை மாதிரி ஆட்களுக்கு டிரம்மும் கொம்பும் தேடுகிற வேலையே வராது. படித்த நீங்கள் இதை யோசிக்க மாட்டீர்களா? டிரைவரைத் திருத்துவதுதான் உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. அவன் எதிர்த்துப் பேச மாட்டான், பாஸ் உங்கள் கையில் இருக்கிறது.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து, திங்கட்கிழமை காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “என் தம்பி ஏழு வாரமா வூட்டுல குந்தியிருக்கிறான். அவன் கையில நேத்து பத்திரிக வச்சோம். நீ பாத்துக்கினு நின்ன,” என்றாள். பிறகு, “மணமேடையில அவன் எம் புள்ளைக்கு மால போட்றப்ப நீ எங்க பாப்ப? டம்ளரையா?” என்று கேட்டாள். அவளும் அன்று கவனித்திருக்கிறாள். நீ சொல்கிறாயா, இல்லை நான் சொல்லட்டுமா என்றாள். நானே சொல்கிறேன் என்றேன். முதலில் ஏழுமலையிடம் போய்ச் சொன்னேன். வேண்டாம் மாமா, கல்யாணம் நெருங்குகிறது என்று மறுத்தான். இந்த முறை அவன் பேச்சை நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மறுவிசாரணை என்று அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. நானும் வருகிறேன். உன் அம்மாவும் வருகிறாள், கையில் அந்தக் குண்டானோடு. புளி போட்டுத் தேய்க்காமல் வைத்திருக்கிறாள். உள்ளே வந்து உன் மேசைக்கு எதிரில் நிற்பேன். நைனா என்று எழுந்துவிடாதே. டிரைவர்களை நிற்க வைத்துத்தான் விசாரிப்பீர்கள் என்றால் நானும் நின்றுகொள்கிறேன். அப்பனே கலப்படக்காரனா என்று உன்னுடன் வேலை பார்ப்பவர்கள் பேசுவார்கள். பேசட்டும். உன் வேலைக்கே ஏதாவது வரலாம், பெண் வீட்டாரும் ஒரு மாதிரி பார்க்கலாம். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அப்பனின் பெயரும் உன் பெயரும் கெடக் கூடாது என்று ஒரு மனுஷன் தன் பிழைப்பை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையால் மாலை வாங்கிக்கொண்டு நீ தாலி கட்ட முடியுமா? முடியும் என்றால் நான் வளர்த்தது சரியில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவனிடம் கேட்காத கேள்வியை என்னிடம் கேள். தண்ணீர் யார் கொடுத்தது என்று கேள், நான் சொல்கிறேன். அதற்கு மேல் ஏன் என்றும் கேள், அந்த முதலாளி சொன்னதையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் எழுது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததில் இருந்து எத்தனையோ படிவத்தில் தந்தை பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை அந்த அறிக்கையில் அலட்சியம் என்று எழுதிய இடத்தில் ஏழுமலையின் பெயரை அடித்துவிட்டு, அதே பெயரை எழுது. கை ஓடவில்லை என்றால் பேனாவை இப்படிக் கொடு. நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் நைனா